ஹாலில் காய்ந்த கடலை

செவந்தி எங்கே தூங்குவார் என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும், "எந்த மாசத்துல?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

பங்குனி பிறந்ததிலிருந்து ஆவணி முடியும் வரை மொட்டை மாடி. புரட்டாசியில் முதல் மழை விழுந்துவிட்டால் அதன் பிறகு மாசி வரை வீட்டுக்குப் பின்னால் இருக்கும், சிமெண்டுச் சீட்டு வேய்ந்த கொட்டகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு இருக்கிறது. டைல்ஸ் பதித்த ஹால், ஏசி மாட்டிய படுக்கையறை, கருப்பு கிரானைட் மேடை போட்ட அடுப்படி, சோபா, ஊஞ்சல் எல்லாம் உள்ள வீடு. செவந்தியின் சொந்த வீடு. அதில் மட்டும் அவர் தூங்கமாட்டார்.

இந்தப் புரட்டாசி வரை அப்படித்தான்.

அரிமளத்திலிருந்து அறந்தாங்கி போகிற வழியில், கை காட்டினால் மட்டும் பேருந்து நிற்கும் ஊர் அது. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் தெரு முழுக்கப் பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று வண்ணமடித்த மாடி வீடுகள். முன் கதவுகள் பூட்டியே இருக்கும். ஆள் இல்லை என்று திரும்பிவிடக் கூடாது. சந்து வழியாகப் பின்பக்கம் போய்க் கூப்பிட வேண்டும். விறகடுப்புப் புகை எங்கே எழுகிறதோ அங்கே அந்த வீட்டுக்காரம்மா இருப்பார். புது வீடு அழுக்காகிவிடும் என்று, வீட்டைக் கட்டியவர்களே வீட்டுக்குப் பின்னால் குடியிருப்பது இந்தத் தெருவில் யாருக்கும் வேடிக்கையாகத் தெரிவதில்லை.

செவந்தியின் கணவர் அழகுமலை கத்தாரில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவில் வருவார். அந்த இரண்டு மாதம் சோபாவின் பிளாஸ்டிக் கவர் கழற்றப்படும், ஏசி ஓடும், விருந்தாளிகள் ஹாலில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். அவரை விமானம் ஏற்றிவிட்டுத் திருச்சியிலிருந்து திரும்பி வந்த அன்றே கவர் மறுபடி சோபாவில் ஏறும். செவந்தி கொட்டகைக்குப் போவார்.

பக்கத்து வீட்டு வனிதா இதைப் பற்றி ஒரு தடவை சொன்னது தெருவெல்லாம் பரவியது. "அண்ணன் கத்தாரையே குளிர வச்சிருச்சு. மதினிதான் இங்க சீட்டுக்குக் கீழ வெந்துக்கிட்டு இருக்கு."

வீடு எழும்பியபோது அழகுமலை ஊரில் இல்லை. அஸ்திவாரம் தோண்டியது, தூண் நின்றது, தளம் போட்டது எல்லாம் அவருக்குப் போட்டோவாகப் போய்ச் சேர்ந்தது. தளத்துக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டுக் காத்தவர் செவந்தி. கொத்தனாருக்கு டீ வாங்கிக் கொடுத்ததும், மணலில் மண் கலந்திருக்கிறது என்று லாரியைத் திருப்பி அனுப்பியதும் அவர்தான். அடுப்படி சன்னலைக் கிழக்கே வைத்தே ஆக வேண்டும் என்று அவர் பிடித்த பிடியில் கொத்தனார் இரண்டு நாள் வேலைக்கே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து சன்னலைக் கிழக்கே வைத்தார்.

பிறகு ஒரு தை மாதத்தில் பால் காய்ச்சினார்கள். அழகுமலை லீவில் வந்திருந்தார். பசுவையும் கன்றையும் ஹாலுக்குள் நடத்தி வந்தபோது பசு நடு ஹாலில் சாணி போட்டது. நல்ல சகுனம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். அன்று பொங்கிய பாலோடு அந்த அடுப்பு அணைந்தது. பதினோரு வருடமாகப் பற்றவில்லை.

இது யாரோ போட்ட சட்டம் என்று சொல்லிவிட முடியாது. முதல் வருடம் செவந்திக்கே மனம் வரவில்லை. வெள்ளைத் தரையில் வயக்காட்டுக் காலோடு நடக்கவா என்று அவரே வெளியே நின்றார். ஒரு வருடம் இரண்டானது, இரண்டு பழக்கமானது. மகள் வைஷ்ணவி வளர்ந்து புதுக்கோட்டையில் நர்சிங் சேர்ந்த பிறகு பழக்கத்துக்கு ஒரு காரணமும் கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வீடு புதிதாக இருக்க வேண்டும். போன லீவில் அழகுமலை ஹாலின் பல்பு ஹோல்டரில் ஒரு கேமராவைத் திருகிவிட்டுப் போனதோடு அது உத்தரவாகவும் ஆகிவிட்டது. பல்பு மாதிரியே இருக்கும். கண்ணும் உண்டு, காதும் உண்டு, பேசவும் செய்யும். சாப்பாட்டு நேரத்திலும் வேலை முடிந்த பிறகும் அழகுமலை தோஹாவிலிருந்து தன் ஹாலைப் பார்ப்பார். ஆளில்லாத ஹாலை.

வெள்ளிக்கிழமை தோறும் செவந்தி கூட்டித் துடைக்க உள்ளே போவார். அப்போது சில சமயம் மேலிருந்து குரல் வரும். "சோபாவுக்கு அடியில தூசி கெடக்கு பாரு."

"பாத்துட்டேன்" என்பார் செவந்தி, நிமிராமலே.

---

வெயில் காலம் முடிவதை இந்த ஊரில் முதலில் சொல்வது மொட்டை மாடிதான். சித்திரையில் சாயங்காலம் நாலு குடம் தண்ணீர் தெளித்தாலும் பாய்க்கு அடியில் தணல் இருக்கும். ஆவணியில் ஒரு குடம் போதும். புரட்டாசி பிறந்ததும் தெளிக்கவே வேண்டாம். விரித்த பாய் முதுகில் சில்லென்று ஒட்டும். தட்டான்கள் தலை உயரத்துக்கு இறங்கி வரும். உப்பு ஜாடியில் ஈரம் கசியும். தீக்குச்சி மூன்றாவது உரசலில்தான் பிடிக்கும். காலையில் துவைத்த சேலை சாயங்காலமும் கொடியிலேயே கனமாகத் தொங்கும். மீமிசலிலிருந்து வண்டியில் மீன் கொண்டு வருபவர், வாங்க ஆளில்லை என்று அந்த மாதம் இந்தத் தெருவுக்குள் திரும்புவதே இல்லை.

பெண்களின் வேலையும் மாறும். வெளியே கிடப்பதையெல்லாம் உள்ளே கொண்டு வரும் மாதம் அது. விறகு, வறட்டி, புளி, வற்றல், ஆட்டுக்கான சோளத்தட்டை. எல்லாவற்றுக்கும் மழை படாத ஓர் இடம் பார்த்து வைத்துவிட்டுக் கடைசியாகத் தனக்கு ஒன்று பார்ப்பார்கள்.

"வெயிலுக்கு ஒரு மரத்தடி போதுங்க. ஓட்டிரலாம்" என்பார் செவந்தி. "மழைக்குத்தான் வீடு வேணும்."

கொட்டகையில் இந்த வருடம் அந்த இடமும் இல்லை. போன ஐப்பசிக் காற்றில் தென்னையிலிருந்து காய் விழுந்து கிழக்கு மூலையில் சீட்டு உடைந்திருந்தது. சரியாகச் செவந்தியின் கயிற்றுக்கட்டிலுக்கு மேலே. அழகுமலையிடம் சொல்லியிருந்தார். லீவில் வரும்போது மாற்றலாம் என்று அவரும் சொல்லியிருந்தார். கார்த்திகையில் கட்டிலை நகர்த்தப் பார்த்தார் செவந்தி. ஒரு பக்கம் விறகு, ஒரு பக்கம் கடலை மூட்டை, ஒரு பக்கம் அடுப்பு. கட்டில் நகரவில்லை. தலைமாட்டில் ஒரு குண்டானை வைத்துக்கொண்டு அந்த மழைக்காலத்தைக் கழித்தார்.

---

ஆனியில் போட்ட கடலை புரட்டாசி நடுவில் விளைந்து நின்றது. காலையிலேயே செடியைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். மதியம் பின்பக்கப் பூவரச மரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செடியிலிருந்து காயை ஆய்ந்தார்கள். கூலிக்குக் காய்தான். அதனால் கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடின. வட்டத்துக்குத் தலைவி இருளாயி. அழகுமலைக்குச் சின்னாத்தா முறை. வயது எழுபதைத் தொட்டாலும் அவர் ஆயும் வேகத்துக்கு வனிதாவால் ஈடுகொடுக்க முடியாது.

மேற்கே கருத்தது. காற்று நின்றது. "வருதுடி" என்றார் இருளாயி. சொல்லி முடிப்பதற்குள் முதல் துளி குவியலில் விழுந்தது.

ஆளுக்கொரு கட்டாகத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்கள். உள்ளே போனதும்தான் தெரிந்தது. கிழக்கு மூலையில் ஊற்றியது, ஆணி அடித்த ஓட்டைகளில் சொட்டியது, சுவரோரம் தண்ணீர் ஏறியது. பச்சைக் கடலை நனைந்து குவியலாகக் கிடந்தால் உள்ளேயே சூடேறிப் பூசணம் பிடிக்கும், இல்லாவிட்டால் முளைத்துவிடும். இரண்டும் நஷ்டம். செவந்தி கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தன் கட்டிலைப் பார்த்தார். தலையணை ஏற்கனவே நனைந்திருந்தது.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெரிய வீட்டின் பின் கதவைத் திறந்தார்.

"கொண்டாங்க. ஹாலுக்குக் கொண்டாங்க."

பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். சேற்றுக் காலை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

"மதினி, வேணாம். வெள்ளைத் தரை" என்றார் வனிதா.

"தரைன்னா மிதிக்கத்தான். வா."

"அண்ணன் பாக்கும்."

"பாக்கட்டும். பாக்குறதுக்குத்தான மாட்டிருக்காரு."

முதலில் ஏறியவர் இருளாயி. நேராக ஹாலுக்குள் போய் மின்விசிறிக்குக் கீழே சம்மணம் போட்டார். மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளை டைல்ஸ் மேல் செம்மண் காலடிகள், பச்சைச் செடிக் குவியல், அதைச் சுற்றிச் சேலைகள். வனிதா சுவிட்சைத் தட்டினார். மின்விசிறி தூசியைக் கொட்டிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. ஒருவர் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். பிளாஸ்டிக் கவர் கரகரவென்று சத்தம் போட்டது. எழுந்துவிட்டார்.

அங்கே சாப்பாட்டு நேரமாக இருந்திருக்க வேண்டும்.

"செவந்தி!"

குரல் மேலிருந்து விழுந்ததும் ஒரு பெண் கையிலிருந்த செடியைப் போட்டுவிட்டார். இருளாயி கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"யாருடா அது, மேல ஒக்காந்துக்கிட்டுக் கத்துறது?"

"நான்தான் சின்னாத்தா. அழகுமலை."

"அழகா? ஏண்டா, சாப்புட்டியாடா?"

"சாப்புட்டேன் சின்னாத்தா. என்ன பண்றீங்க எல்லாரும் அங்க?"

"பாத்தா தெரியலையா? கடலை ஆயுறோம். நீ ஒசரத்துலதான இருக்க? எவ காயை மடியில முடியுறான்னு பாத்துச் சொல்லு. ஒனக்கும் ஒரு படி கூலி தாரோம்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. வனிதா முந்தானையை உதறிக் காட்டினார். "அண்ணே, நல்லாப் பாத்துக்கங்க, நான் ஒண்ணும் எடுக்கல. ஏசி ரிமோட்டு எங்க வச்சிருக்கீங்க? வேர்க்குது."

"வனிதா, நீ சும்மா இரு. செவந்தி, ஒன்னத்தான் கேக்குறேன். எல்லாத்தையும் வெளிய எடு."

"வெளிய மழை" என்றார் செவந்தி. கை செடியிலேயே இருந்தது.

"கொட்டகையில போடு."

"கொட்டகை ஒழுகுது."

"கொட்டகை எப்படி ஒழுகும்? போன லீவுலதான சீட்டு மாத்துனேன்?"

"ரெண்டு சீட்டு மாத்துனீங்க. அதுக்கப்புறம் தேங்கா விழுந்து ஒண்ணு ஒடஞ்சிச்சு. சொன்னேன்."

"எப்பச் சொன்ன?"

"சொன்னப்ப நீங்க சோபாவுக்கு அடியில தூசி பாத்துக்கிட்டு இருந்தீங்க."

யாரும் சிரிக்கவில்லை. இருளாயி மட்டும் தொண்டையைச் செருமினார். மழைச் சத்தத்துக்கு நடுவே அழகுமலையின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"இந்தா பாரு. கடலையில கல்லு இருக்கும். டைல்ஸ்ல கீறல் விழுந்துரும். தையில வைஷ்ணவியைப் பாக்க ஆளு வருது."

"வரட்டும். கடலை தைக்குள்ள காஞ்சிரும்."

"வெளையாடாத செவந்தி. இங்க ரூம்புல எட்டுப் பேரு. ஒருத்தன் மேல ஒருத்தன் அடுக்கி வச்ச மாதிரிக் கட்டிலு. அந்த ஹாலப் பாத்துட்டுத்தான் நான் தூங்குறேன். அது அப்படியே கெடக்கணும். அதுக்குத்தான இந்தப் பாடு?"

செவந்தி அப்போதுதான் நிமிர்ந்து பல்பைப் பார்த்தார்.

"ஒங்க பாடு எனக்குத் தெரியாதா? நீங்க பாக்கணும்னு நானும் இத்தன வருஷம் காலை வெளிய வச்சுக்கிட்டேன். பால் காய்ச்சுன அன்னைக்கு மாடு வந்து இந்த எடத்துல சாணி போட்டுச்சு. கை தட்டுனீங்க. மாடு ஏறலாம், மனுசி ஏறக் கூடாதா? கடலை இங்கதான் காயும். நானும் இனிமே இங்கதான் படுப்பேன்."

"சாவிய அண்ணன்கிட்டக் குடு. அண்ணனை வரச் சொல்றேன்."

"வரச் சொல்லுங்க."

"போயிட்டானா?" என்று இருளாயி கேட்டார். "போயிட்டாரு" என்றார் வனிதா. "அப்ப அந்த ரிமோட்டத் தேடுடி" என்றார் இருளாயி.

---

அழகுமலையின் அண்ணன் ரெங்கசாமி அடுத்த தெருவில் இருக்கிறார். மழை விடும் வரைகூடப் பொறுக்காமல் குடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். பல வருடமாக அந்த வீட்டுக்குப் பின் சந்து வழியாக வந்து பழகிய மனிதர். அன்று முன் கதவு திறந்திருந்ததைப் பார்த்துக் குழம்பி, முதலில் பின்பக்கம் போய்விட்டுத் திரும்பி முன்பக்கம் வந்தார்.

"ஏத்தா செவந்தி, என்ன கூத்து இது? தம்பி போன்ல குதிக்கிறான். சாவியக் குடு. ஆளுகள அனுப்பு."

"வாங்க அத்தான். ஒக்காருங்க."

"ஒக்கார வரல நான். புரட்டாசியில எவனாச்சும் புது வீட்டுக்குக் குடி போவானா? ஊருல என்ன பேசுவாங்க? தையில ஒரு நல்ல நாளாப் பாத்து, அவனும் வந்து..."

"புதுசா எங்கத்தான் குடி போறேன்? பால் காய்ச்சுன அன்னைக்கே போயாச்சு. தளத்துக்குத் தண்ணி ஊத்துனப்பவே போயாச்சு. இத்தன வருஷமா வாசல்ல நின்னேன், இன்னைக்கு உள்ள வந்துருக்கேன். இதுக்கு எதுக்கு நாளு?"

ரெங்கசாமி இருளாயியைப் பார்த்தார். பெரியவர் ஏதாவது நியாயம் சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

"என்னைய ஏண்டா பாக்குற?" என்றார் இருளாயி. "ஒன் வீட்டுக்காரியும் பின்னாடி சீட்டுக்குக் கீழதான படுக்குறா? அவ இந்தச் சேதி கேட்டா நாளைக்கு ஒன் ஹாலுலயும் எள்ளு காயும். மொதல்ல போயி ஒன் சாவியப் பத்திரமா வச்சுக்க."

இதற்குள் வனிதா கொட்டகையிலிருந்த கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து பெரிய அடுப்படியில் மாட்டியிருந்தார். கிரானைட் மேடையில் அடுப்பு எரிந்தது. அதன் மேல் ஒரு அண்டாவில் கல்லுப்புப் போட்ட பச்சைக் கடலை வெந்துகொண்டிருந்தது. மழை நாளில் அந்த வாசனைக்கு முன்னால் நிற்காமல் போக ரெங்கசாமியால் முடியவில்லை. ஒரு தட்டில் ஆவி பறக்க முன்னால் வைத்ததும் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். கவர் கரகரத்தது. அதை ஒரு கையால் விலக்கிவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"காத்து நல்லாத்தான் வருது" என்றார், விசிறியைப் பார்த்து.

"ஆமாத்தான். வெலைக்கு வாங்குன விசிறி."

"தம்பி கேட்டா என்னத்தச் சொல்ல?"

"சாவி குடுக்கமாட்டேன்னு சொன்னதாச் சொல்லுங்க. நான் சொன்னதத்தான சொல்லப் போறீங்க?"

போகும்போது அவர் கையில் சாவி இல்லை. ஒரு பை நிறைய அவித்த கடலை இருந்தது. செவந்தியே கொடுத்தனுப்பினார். "அக்காவுக்குக் குடுங்க. நான் வரச் சொன்னேன்னு சொல்லுங்க. முன் வாசல் வழியா."

சாயங்காலத்துக்குள் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அழகுமலை கேமராவில் எடுத்த படம். ஹால், செம்மண், கடலை, இருளாயியின் உச்சந்தலை. கீழே ஒரு எழுத்துக்கூட இல்லை. உறவுக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருந்தார்கள். கடைசியில் விடுதியிலிருந்து வைஷ்ணவி குரல் செய்தி அனுப்பினாள். "அப்பா, என்னையப் பாக்க வாரவுங்க அம்மாவையும் பாக்கத்தான செய்வாங்க? அம்மா எங்க படுக்குறாங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? அம்மா, எனக்கு ஒரு பை கடலை எடுத்து வை."

இருட்டுவதற்கு முன் பெண்கள் தங்கள் கூலிக் காயை அளந்து வாங்கிக்கொண்டு போனார்கள். செவந்தி மீதிக் கடலையை ஹால் முழுக்க மெல்லிசாகப் பரப்பினார். ஓரத்தில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டார். கொட்டகையிலிருந்து பாயை எடுத்து வந்து விரித்தார்.

தூக்கம் உடனே வரவில்லை என்று பிறகு வனிதாவிடம் சொன்னார். சீட்டுக்குக் கீழே மழை என்றால் தலைக்கு மேல் பறை அடிப்பது மாதிரி. பேசினால் கேட்காது, நினைத்தால்கூடக் கேட்காது. இங்கே மழை எங்கோ தூரத்தில் பெய்வதுபோல் இருந்தது. நின்றுவிட்டதோ என்று எழுந்து எழுந்து சன்னலில் பார்த்தாராம். பெய்துகொண்டேதான் இருந்தது. தன் மேல் மட்டும் விழவில்லை.

காலையில் அடுப்படிக்குப் போனார். மழை விட்டிருந்தது. புரட்டாசி வெயில் கிழக்குச் சன்னல் வழியாகச் சாய்ந்து வந்து அடுப்பு மேடையில், சரியாகப் பால் சட்டி வைக்கும் இடத்தில் விழுந்தது. கொத்தனாரிடம் போட்ட சண்டை நியாயமான சண்டைதான் என்று அன்றுதான் அவருக்கு ருசுவானது.

"ராத்திரி ஹால்லயா படுத்த?" என்றது பல்பு, அவர் ஹாலுக்குத் திரும்பியதும்.

"ஆமா."

"நான் வீட்டப் பாத்துக்கத்தான் கேமரா மாட்டுனேன். இப்படிப் பாக்குறதுக்கு இல்ல."

செவந்தி முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். அழகுமலையின் திரையில் மனைவியின் முகம் பெரிதாகி, பிறகு உள்ளங்கை பெரிதாகி, பிறகு இருட்டாகியிருக்கும். பல்பு கழற்றுவது போலத் திருகினார். கையோடு வந்துவிட்டது.

பின்பக்கம் வந்தபோது வனிதா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "தூக்கிப் போடப் போறீங்களா மதினி?"

"எதுக்குத் தூக்கிப் போடணும்? பாக்கணும்னு ஆசைப்படுறாரு, பாக்கட்டும். கண்ணு நல்ல கண்ணுதான். மாட்டுன எடந்தான் தப்பு."

கொட்டகைக்குப் போய் அங்கே இருந்த குண்டு பல்பைக் கழற்றிவிட்டுக் கேமராவை மாட்டினார். குண்டு பல்பைக் கொண்டு வந்து ஹாலில் மாட்டினார். அன்றைக்கே, அதுவரை வெளியே கட்டியிருந்த தன் ஆட்டைக் கொட்டகையில் கட்டினார்.

---

அதன் பிறகு கொஞ்ச நாள் அழகுமலை கூப்பிடவில்லை. செவந்தியும் கூப்பிடவில்லை. "சண்டையா?" என்று கேட்டவர்களிடம், "இல்ல, மழை" என்றார். மழை விட்டு விட்டுப் பெய்தது. செவந்தி மொட்டை மாடிப் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டார். விறகில் பாதியைப் பெரிய வீட்டின் பின் வராந்தாவில் அடுக்கினார். சேலையை ஹாலில் கொடி கட்டிக் காயப் போட்டார். ரெங்கசாமியின் மனைவி ஒரு நாள் முன் வாசல் வழியாக வந்து, ஊஞ்சலில் உட்கார்ந்து, வெகுநேரம் ஆடிவிட்டுப் போனார். மறுநாள் அவர்கள் வீட்டு முன் கதவும் திறந்திருந்ததாக வனிதா வந்து சொன்னார்.

ஒரு மத்தியானம் நல்ல மழையில் கைபேசி அடித்தது.

"செவந்தி, ஆட்ட ஏன் அந்த மூலையில கட்டிருக்க?"

குரலில் கோபம் இல்லை. பதற்றம் இருந்தது.

"எந்த மூலையில?"

"கெழக்கு மூலையில. அதுமேலயே ஊத்துது பாரு. நிக்கவும் முடியாம படுக்கவும் முடியாம தவிக்குது. நானும் மூணு நாளாப் பாக்குறேன். சளி புடிச்சுச் செத்துரும். அங்கிட்டு மாத்திக் கட்டு."

"அங்கிட்டு விறகுக் கட்டை கெடக்கு. எடமில்ல."

"அப்ப அந்தக் கட்டில எடுத்து வெளிய போடு. யாரு அத அங்க போட்டது?"

"நான்தான் போட்டேன்."

"எதுக்கு?"

"படுக்க."

மறுமுனையில் யாரோ பின்னால் இந்தியில் பேசுவது மட்டும் கேட்டது.

"போன மழைக்கு நான் அங்கதான் படுத்திருந்தேன்" என்றார் செவந்தி. "அதுக்கு முந்தின மழைக்கும், அதுக்கு முந்துனதுக்கும் அங்கதான். ஆட்டுக்கு மூணு நாளு ஆச்சு. சரி, வைங்க. பாக்குறேன்."

கைபேசியை வைத்துவிட்டு ஹாலுக்குப் போனார். சோபாவின் பிளாஸ்டிக் கவரை ஒரே இழுப்பில் உருவினார். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி கொட்டகைக்குப் போனார். கட்டிலின் மேல் ஏறி நின்று, உடைந்த சீட்டுக்குக் கீழே கவரை விரித்து நான்கு மூலையையும் சணல் கயிற்றால் கட்டினார். சொட்டு நின்றது. தண்ணீர் கவரின் சரிவில் ஓடி வெளியே விழுந்தது. ஆடு ஒரு முறை உடம்பை உதறிக்கொண்டு படுத்தது.

"செவந்தி" என்றது பல்பு. மெதுவாக. "அது சோபா கவரு."

"ஆமா. சோபாவுல இப்ப ஆளு ஒக்காருது. இனி அதுக்குக் கவரு வேண்டாம்."

பல்பு பேச்சை மாற்றியது.

"கடலை காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு. வெதைக்கும் எடுத்து வச்சாச்சு."

"டைல்ஸ்ல..."

"கீறல் விழுந்திருக்கு."

"எங்க?"

செவந்தி கட்டிலிலிருந்து இறங்கினார். முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே பெரிய வீட்டின் பின் கதவை நோக்கி நடந்தார். திரும்பாமலே சொன்னார்.

"வந்து பாருங்க."